பவளத்துக்குத் துக்கம் கேட்டவர்கள்

திண்டிவனத்தில் கரண்ட் போனால் எங்கள் கல்லூரியில் முதலில் ஓடுகிறவர் சின்னதுரை. விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளர். கையில் இருக்கும் டீ கிளாஸை எங்கே வைத்தோம் என்றுகூடப் பார்க்க மாட்டார். துறைக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஜெனரேட்டர் அறை. அங்கே போய் அதை உறும வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்.

"என்னா சின்னதுரை, பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நீ இப்படி ஓடியிருக்க மாட்ட போல" என்பார் வேதியியல் துறை சகாயராஜ்.

"பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில ஆள் இருந்தாங்க சார். இதுக்கு நான் ஒருத்தன்தான இருக்கேன்."

அவர் ஓடுவது முதல்வர் அறை மின்விசிறிக்காக அல்ல, இருதயமேரி மேடத்தின் 'மைனஸ் எண்பது'க்காக. ஆளுயர ஃப்ரீசர் அது. வீட்டு ஃப்ரிட்ஜின் குளிரெல்லாம் அதன் முன்னால் சித்திரை வெயில்தான். கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை கீழே வழிந்து காலைச் சுற்றும். ஒரு பக்கத் தட்டுகளில் தேனீக்கள், இன்னொரு பக்கம் பவளம். மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை. கடலுக்கடியில் உயிரோடு வளர்கிற பவளப்பாறையின் சுண்டுவிரல் நுனியளவுத் துண்டுகள்.

நான் அதே துறையில் கௌரவ விரிவுரையாளர். மயிலம் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பூவரசன், எம்.எஸ்சி., எம்.ஃபில். என்று என் அப்பா வீட்டுச் சுவரில் பெயிண்ட் அடித்தே எழுதி வைத்திருக்கிறார். அதை அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. மேடத்தின் சுவரில் அப்படி எழுத ஆள் இல்லை. அப்பா சிறுவயதிலேயே போய்விட்டார். கிளியனூருக்கு உட்பக்கம் காலனியில் பிறந்து, அம்மா வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் களை பறித்த கூலியில் படித்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்து, கடைசியில் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் டாக்டர் பட்டத்துக்கு மேலும் ஆராய்ச்சி செய்தவர். அங்கே இருந்தபோதுதான் அம்மா இறந்தார். விமானம், பஸ் எல்லாம் மாறி இவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்களும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டின் முன்னால் பெட்டியோடு நின்றதை ஒருமுறை சொன்னார். அப்புறம் அவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார். மொட்டை மாடியில் மூன்று தேனீப் பெட்டிகள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அவர் 'தேன்பூச்சி டீச்சர்'. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். நாற்பதைத் தாண்டியதும் அதையும் கேட்பதை விட்டுவிட்டார்கள். "கேக்கும்போது எரிச்சலா இருந்துச்சு தம்பி. கேக்காம விட்டதும் இன்னும் எரிச்சலா இருக்கு" என்று சிரித்தார்.

வகுப்பில் மட்டும் அவர் வேறு ஆள். தன் ஆராய்ச்சியை இளங்கலைப் பிள்ளைகளுக்கு அவர் சொன்ன விதம் இது:

"பரீட்சைக்கு முன்னாடி போர்ஷன் சொல்வாங்க இல்ல? இந்தப் பக்கம் படி, இது வேணாம்னு பென்சில்ல குறிச்சிக்குவீங்க. புத்தகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். குறிதான் வேற. மரபணுவும் அப்படித்தான். ராணித் தேனீக்கும் வேலைக்காரத் தேனீக்கும் ஒரே புத்தகம். புழுவா இருக்கும்போது தின்ன தீனியால குறி மாறிடுது. ஒருத்தி ராணி ஆயிடுறா. இன்னொருத்தி சாகிற வரைக்கும் உழைக்கிறா."

பின்பெஞ்சிலிருந்து ரோஜா என்கிற பெண் எழுந்தாள். "அப்ப எங்க ஊட்ல தம்பிக்கு ஹார்லிக்ஸு, எனக்குக் கேப்பைக் கூழு ஊத்துனாங்களே, அதனாலதான் நான் இப்படி ஆயிட்டனா மேடம்?"

வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட மேடம்தான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்து, "கூழு குடிச்சவதான் கேள்வி கேக்குறா, பாத்தியா" என்றார்.

தேனீ அவருக்குப் பாடம். பரீட்சை என்றால் அது பவளம். கடல் சூடேறினால் பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாய் வெளுத்துப்போகும். அந்தப் பாசிதான் அதற்குச் சோறு போடுவது. பட்டினியில் பெரும்பாலும் செத்துவிடும், சில மட்டும் தேறி மறுபடி நிறம் பிடிக்கும். அப்படித் தேறியவற்றின் மரபணுவில் பட்ட சூட்டின் குறி தங்கியிருக்கிறதா, அந்தக் குறி அடுத்த சூட்டைத் தாங்க உதவுகிறதா? அவர் தெரிந்துகொள்ள விரும்பியது இவ்வளவுதான். இதற்காக மண்டபம் பக்கத்துக் கடலில் வனத்துறை அனுமதி வாங்கி, எண் கட்டிய பவளக் கொத்துகளில் வருடக்கணக்காக நுனி நறுக்கி வந்து சேர்த்தார். வெளுப்பதற்கு முன்னால் ஒன்று, வெளுத்தபோது ஒன்று, தேறிய பிறகு ஒன்று. ஒரே கொத்தின் மூன்று நிலைகள். அவற்றை வெளியூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிக் குறிகளைப் படிக்க வேண்டும். அதற்கான நிதி வரும் வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம்தான் அனுமதி வந்தது. விஜயதசமி கழிந்ததும் எல்லாவற்றையும் அனுப்புவதாக ஏற்பாடு.

அனுப்புவதற்கு முன்னால் கொத்துகளை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மண்டபத்துக்குப் போனார். அந்தக் கோடையில் கடல் மிகவும் கொதித்திருந்தது. அங்கிருந்து போன் வந்தபோது பின்னால் காற்றின் சத்தம்.

"தம்பி, ஒண்ணுகூட இல்ல."

"என்ன மேடம்?"

"பதினொண்ணாம் நம்பர் இருந்துச்சு பாருங்க. அதுமேலகூட பாசி படர்ந்து கெடக்கு. கையில தொட்டா மாவா உதிருது." காற்றுக்கு மேலே குரலை உயர்த்தினார். "இனிமே ஃப்ரீசர்ல இருக்கறதுதான் அதுங்க. ஜல்தியா கிளம்பி வர்றேன்."

திங்கட்கிழமை காலையில் நான் துறைக்கு வந்தபோது ஆய்வகக் கதவு திறந்திருந்தது. வாசலிலேயே வாசனை அடித்தது. மரக்காணம் கடற்கரையில் அதிகாலையில் வலை இழுத்துப் போட்ட இடத்தில் அடிக்குமே, அந்த வாசனை. திண்டிவனத்தில் கடல் கிடையாது. உள்ளே மேடம் பயணப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தார்.

ஆய்வகம் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. நுண்ணோக்கிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. ஜன்னல் கம்பியில் மாவிலை. மைனஸ் எண்பதின் கதவில் மூன்று பொட்டு, கைப்பிடியில் வாடிய சாமந்தி மாலை. அதன் முகப்பு விளக்கு எரியவில்லை. பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்து மேலே வைக்கப்பட்டிருந்தது. தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"கடல் வாசனை வருது, பாருங்க தம்பி" என்றார் மேடம்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. வருடம் முழுவதும் உழைத்த கருவிக்கு அன்றைக்கு ஒருநாள் வேலை கிடையாது. என் அப்பா மண்வெட்டியைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுக்க வைத்தால், மறுநாள் எடுக்கும்வரை அடுத்த வீட்டுக்காரன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டார். மற்ற வருடங்களில் மேடம் ஊரில் இருப்பார். "இதுக்கு மட்டும் லீவு கிடையாது சின்னதுரை" என்று சிரித்துக்கொண்டே ஃப்ரீசருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வருடம் நாற்காலி காலியாக இருந்தது.

சின்னதுரை வந்தார். தண்ணீரைப் பார்த்தார். மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

"வருஷம் பூரா ஓடிக்கினே இருக்குதேம்மா. எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்து இத மட்டும் உட்டா நல்லா இருக்குமான்னு…" குரல் இறங்கியது. "மூடியே வச்சா ஒரு ராத்திரி குளுரு தாங்கும்னு நீங்கதானம்மா சொன்னீங்க. மறுநாள் காலையில வந்து பூஜை எடுத்து போட்டுடலாம்னு இருந்தேன். வந்து பாத்தா கேட்டு பூட்டு. ஆபீஸ்ல மொத்த சாவியும் எடுத்துக்கினு போயிட்டாங்க, லீவு முடிஞ்சிதான் வருவாங்கன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரு. போன் பண்ணலாம்னு பாத்தேன். நீங்க கடலுக்குள்ள இருப்பீங்க, எதுக்குப் பேஜாருன்னு…"

ஃப்ரீசரின் அலாரத்துக்குப் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. மாற்றித் தரச் சொல்லி மேடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை இறக்கி வைத்துவிட்டு, "மாப்பு எடுத்துட்டு வாங்க சின்னதுரை, யாராச்சும் வழுக்கி விழுந்துடப் போறாங்க" என்றார்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. முதல்வர் வந்து எட்டிப் பார்த்தார். "மறுபடி ஆன் பண்ணியாச்சு இல்ல? கெட்டியாயிடும் மேடம்" என்றார். "பவளம்தானே, மறுபடி போய்க் கொஞ்சம் எடுத்தா போச்சு."

"அங்க இல்ல சார் இப்ப."

"வேற எடத்துல?"

மேடம் ஃப்ரீசர் கைப்பிடியிலிருந்த வாடிய மாலையை அவிழ்த்தார். முதல்வர் நல்ல மனிதர்தான். தன்னால் முடிந்ததைச் செய்ய நினைத்தார். "அந்த ஆளுக்கு ஒரு மெமோ குடுத்துடுறேன்" என்றார்.

"என்னன்னு எழுதுவீங்க சார்? ஐஸ் உருகிடுச்சுன்னா?"

முதல்வர், சின்னதுரைக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப இரக்கப்படுறீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது இரக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. போனது என்ன என்று யாருக்கும் புரியவைக்க முடியாத அலுப்பு அது.

ஆஸ்திரேலியாவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். இரண்டு வரியில் பதில் வந்தது, மிகவும் வருந்துகிறோம் என்று.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. உருகிய திசு அழுகத் தொடங்கியிருந்தாலும் உள்ளே டி.என்.ஏ. முழுசாக எங்காவது தப்பியிருக்கலாம். அந்த வாரம் முழுவதும் நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டிலிருந்தும் பிரித்தெடுத்துப் பார்த்தோம். அதை ஜெல் எனும் கூழ்ப்பாளத்தில் மின்சாரம் செலுத்தி ஓடவிட்டு நீல விளக்கின் கீழ் வைத்தால், நல்ல டி.என்.ஏ. ஒற்றைக் கோடாக நிற்கும். சிதைந்தது புகை மாதிரி கீழே இழுத்துக்கொண்டு போகும். வரிசை வரிசையாகப் புகை. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் மேடத்தின் முகம் நீலமாக இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கோடுகள் பளிச்சென்று நின்றன.

"மேடம், இது இருக்கு!" என்றேன்.

"அது நான் போன வருஷமே பிரிச்சு வச்சது தம்பி. வெளுக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. பிரிச்சு வச்சிட்டா உருகினாலும் சீக்கிரம் கெடாது." விளக்கை அணைத்தார். "முன்னாடி இருந்தது இருக்கு. அப்புறம் என்ன ஆச்சுன்னுதான் கேக்க முடியாது."

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; நான் மூன்றாம் வகுப்பு முடிந்து வரும்போதும் அது அப்படியே இருக்கும்.

சின்னதுரை ஆய்வகப் பக்கமே வருவதில்லை. வேலையைத் தாவரவியலுக்கு மாற்றிக் கேட்டிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் என்னை மடக்கினார்.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க. என்னா சார் பூடுச்சு அந்தப் பொட்டியில? நானும் அஞ்சாறு வருசமா காவல் காத்தேன். உள்ள என்னா இருக்குதுன்னு கேட்டதில்ல. மேடத்துக்கு அது வேணும், அவ்ளோதான் தெரியும்."

எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். கடலில் இருந்தது செத்துவிட்டது, அதன் மிச்சம்தான் அந்தப் பெட்டியில் இருந்தது, இனி உலகத்தில் எங்கேயும் அது கிடையாது என்று.

அவர் சைக்கிள் பெல்லின் மூடியைத் திருகித் திருகி விட்டார். "அப்ப அது சாவு சார்" என்றார். "சாவுன்னு ஒருத்தரும் சொல்லலையே. மிசின் ரிப்பேருன்னு இல்ல பேசிக்கினு இருக்கானுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மேடத்தின் வீட்டில் இருந்தேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் தேனீப் பெட்டிகளுக்குத் தகரக் கூரை மாட்ட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ மிக்சி ஓடியது. மேடம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சென்றால் 'அந்த ஆணியை எடுங்க', 'இந்தாங்க' மட்டும்தான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு பெண் வந்தார். சின்னதுரையின் மனைவி கோவிந்தம்மாள் என்று பின்னால் வந்த சின்னதுரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் தலையில் பூ இல்லை. கையில் மூன்றடுக்குத் தூக்கு. சின்னதுரை தோள் துண்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்தார்.

"வாங்க" என்றார் மேடம். இருவரும் பதில் சொல்லவில்லை.

கோவிந்தம்மாள் நேரே போய் மேடத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

மேடம் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"இவுரு சொன்னாரு. கடல்ல இருந்ததும் பூடுச்சாமே. எத்தினி வருசமா பாத்துக்கினு இருந்தீங்க?"

"ஏழு வருஷமா" என்றார் மேடம். சொன்னதும் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "பதினொண்ணுன்னு ஒண்ணு இருந்துச்சு. எருமைத் தலை சைசுக்கு இருக்கும். சுத்தி இருந்ததெல்லாம் வெளுத்தப்ப அது மட்டும் ஒரு ஓரம் பழுப்பா நின்னுச்சு. அடம் புடிச்ச மாதிரி."

"தேறி வந்துச்சா?"

"வந்துச்சு. ரெண்டு மழைக்காலம் நல்லா இருந்துச்சு. புதுசா நுனியெல்லாம் விட்டுச்சு."

"அப்புறம்?"

"இந்த வருஷச் சூடு தாங்கல."

கோவிந்தம்மாள் உச்சுக் கொட்டினார். "கடைசியில பக்கத்துல யாரும் இல்லியா?"

"இல்ல. நான் இங்க பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு இருந்தேன்."

சின்னதுரை படியோரம் குந்தியிருந்தார். "பொட்டிய நிறுத்துனது நான்தாம்மா" என்றார் தரையைப் பார்த்து.

"தெரியும் சின்னதுரை."

பரவாயில்லை என்று மேடம் சொல்லவில்லை. சின்னதுரையும் அதை எதிர்பார்த்து வந்தவராகத் தெரியவில்லை. எங்கள் நால்வருக்கும் மேலே தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

மேடம் எழப் போனார். "இருங்க, டீ போடுறேன்."

கோவிந்தம்மாள் அவர் தோளை அமுக்கினார். "அடுப்பு பத்த வெக்காதம்மா. அதுக்குத்தான சோறு கொண்டாந்துருக்கேன்."

அப்போதுதான் மேடத்துக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். பூ இல்லாத தலையையும் தூக்கையும் சின்னதுரை கையிலிருந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கம்மாவுக்கு நான் வர்றதுக்குள்ள எல்லாரும் கேட்டு முடிச்சிட்டாங்க" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாத மாதிரி. அப்புறம் குனிந்தார். கோவிந்தம்மாள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சத்தமாகவே அழ ஆரம்பித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

புளிக்குழம்பும் அப்பளமும் வந்திருந்தது. கோவிந்தம்மாள் பிசைந்து வைக்க, மேடம் சாப்பிட்டார். அந்த நீல விளக்கை அணைத்த நாளுக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிட்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

பொழுது இறங்கியது. கோவிந்தம்மாள் தூக்கை எடுத்தார். சின்னதுரை எழுந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் இருவரும் படியிறங்கிப் போனார்கள். 'வர்றோம்' என்று ஒரு வார்த்தை இல்லை. மேடம் வழியனுப்ப வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள்.

படியடியில் இரும்புக் கேட் மூடும் சத்தம் கேட்டது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தமும், கோவிந்தம்மாள் பின்னால் ஏறி உட்காரும்போது கேரியர் முனகுவதும் கேட்டது.

மீதித் தகரத்தை மாட்டி முடித்தேன். கடைசிப் பெட்டிக்குள் கொஞ்சநேரம் இரைச்சல், பிறகு அடங்கிவிட்டது. கைகழுவி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன். அவர்கள் போன மாதிரியே நானும் பேசாமல் போவதுதான் முறை என்று தோன்றியது. பாதிப் படி இறங்கியிருப்பேன்.

"தம்பி."

நிமிர்ந்து பார்த்தேன். மேடம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். இருட்டத் தொடங்கியிருந்ததால் முகம் தெரியவில்லை.

"நீங்க மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"போயிட்டு வர்றேன் மேடம்."

"ம். வாங்க."